புரட்டாசியில் கறி

நன்றாகச் சாப்பிட எந்த ஊருக்குப் போகலாம் என்று என் தம்பி வெள்ளைச்சாமியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பினாங்கில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே ஒரு சீனன் இடியாப்பம் மாதிரி ஒன்றை வாணலியில் போட்டு, நெருப்பு ஆள் உயரம் எழும்ப வறுத்துத் தருவானாம். சிங்கப்பூரில் மலாய்க்காரன் இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்டு, நிலக்கடலை அரைத்த குழம்பில் தோய்த்துத் தருவானாம். ரங்கூனில் விடிந்ததும் விடியாததுமாக வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பார்களாம். இவன் சொல்லச் சொல்ல, மேலூர்ச் சந்தைக்கு வந்த வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்க்க மறந்து நிற்பார்கள்.

என்னை யாரும் கேட்பதில்லை. நான் கடல் தாண்டியது ஒரே ஒரு தடவை. இருந்தாலும் சொல்கிறேன். கொழும்புக்குப் போங்கள். ஆனால் போவது புரட்டாசி மாதமாக இருந்தால், இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

நான் போனது சாப்பிட அல்ல, மகளைக் கூட்டிவர. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின காலம். கடைசி மகள் செல்லத்தாயியை மேலூர்ப் பக்கத்துக் குடும்பத்தில்தான் கொடுத்திருந்தோம். ஆனால் அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தது. மாப்பிள்ளை முத்தையா பிறந்தது அங்கே. அவருடைய தாயார் ராசம்மா பிறந்ததும் அங்கே. சம்பந்தி ஐயா காலையில் கடைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வீட்டில் செல்லுபடியாவது ராசம்மாளின் வாக்குத்தான்.

செல்லத்தாயிக்குத் தலைப்பிள்ளை. எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வீட்டார் போய் ஐந்து வகைச் சோறு ஆக்கிக் கட்டுச்சோறு போட வேண்டும். மாமியார் அதில் முதல் கவளம் எடுத்து வாயில் வைக்க வேண்டும். வைத்தால் பெண்ணை அனுப்பச் சம்மதம் என்று பொருள். வைக்காவிட்டால் பெண் வாசல் தாண்ட முடியாது. ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்க எங்களுக்கு வழியில்லை. ஐப்பசி பிறந்தால் மழை, கடலும் கொந்தளிக்கும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம், எட்டாம் மாதம் எங்கள் பக்கத்தில் ஆகாது. புரட்டாசிக் கடைசிக்குள் கூட்டி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு ராசம்மாளின் கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கே நல்ல டாக்டர் அம்மா இருக்கிறார், வயிற்றுப் பிள்ளையைக் கடலில் ஏன் அலைக்க வேண்டும், பிள்ளை இங்கேயே பெறட்டும் என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதேதான் வந்தது.

வீட்டுக்காரருக்கு நாற்றங்கால் வேலை. அதனால் வெள்ளைச்சாமி துணைக்கு வந்தான். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கப்பல் அசைந்த கொஞ்ச நேரத்தில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குத் தலை வணங்கினவன், கரை வரும்வரை நிமிரவில்லை. நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பினாங்குக் கப்பலு பெருசுக்கா. இது சின்னது. அதான் எனக்கு ஒத்துக்கிறல" என்றான்.

"ஆமாடா, கப்பலு இன்னுங் கொஞ்சம் வளந்திருக்கணும்" என்றேன்.

மூட்டைகளை அவிழ்த்துப் பார்க்கும் இடத்தில் ஒரு சங்கடம். வீட்டிலேயே காய்ச்சி, நல்லெண்ணெய் மிதக்க ஒரு பானையில் புளிக்காய்ச்சல் கொண்டு போயிருந்தேன். சட்டை போட்ட அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார். கறுப்பாக, பளபளவென்று, குழைவாக இருக்கிறது. அபின் என்று நினைத்துவிட்டார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்து பார்த்தார். வெள்ளைச்சாமி என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டான்.

"ஐயா, ஒரு விரலு தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க" என்றேன்.

வைத்தார். காரம் மண்டைக்கு ஏறியதில் கண் இரண்டும் கலங்கிவிட்டன. பானையை அவரே மூடி, அவரே துணியைக் கட்டி, கையை ஆட்டிப் போகச் சொன்னார். என் புளிக்காய்ச்சலுக்கு அதுவரை கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது.

அங்கிருந்து ரயில் ஏறி, கொழும்பில் இறங்கியது வெள்ளிக்கிழமைக் காலை. மாப்பிள்ளை ஒரு ரிக்‌ஷா கொண்டு வந்திருந்தார். மாடு இழுக்கும், குதிரை இழுக்கும் என்று தெரியும். மனிதன் இழுக்கும் வண்டியில் நான் எப்படி உட்காருவது? மாட்டேன் என்றுவிட்டேன். கடைசியில் புளிப்பானையும் அரிசி மூட்டையும் வண்டியில் ஏறிப் போக, நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். தெருவில் பார்த்தவர்கள் பானைக்குத்தான் சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள்.

செல்லத்தாயி வாசலில் நின்றாள். மேடிட்ட வயிறும் வெளிறிய முகமுமாக இருந்தாள். அந்த வீட்டில் அவள் பெயரைச் செல்லம் என்று பாதியாக்கி வைத்திருந்தார்கள். மாமியாரை அவள் "மாமி" என்றாள். எங்கள் ஊரில் அத்தை என்போம். மாமி என்றால் அக்கிரகாரத்தில்தான் தேட வேண்டும். இதற்கே எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ராசம்மா என்னை "மச்சாள்" என்றார். எங்கள் பக்கத்துச் சம்பந்திகள் ஒருவரையொருவர் மதினி என்போம். அவர் மச்சாள் என்றார், நான் மதினி என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். எல்லாச் சொல்லும் அப்படியே இருக்கும் என்று நினைத்ததுதான் தப்பு.

மத்தியானம் இலை போட்டார்கள். ராசம்மா பெரிய கரண்டியோடு வந்து நின்றார். சிவந்த மேனி, நறுக்கென்ற பேச்சு, கொண்டையில் ஒரு மயிர் பிசகாது.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பெரிசாய் ஒண்டும் செய்யேல்லை. மூண்டு கறிதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை. அதுவும் புரட்டாசி. நாங்கள் அழகருக்குக் கட்டுப்பட்ட குடும்பம், அந்த மாதம் முழுக்க மீன் நாற்றம்கூட வீட்டு வாசலை மிதிக்காது. இவர்களும் மேலூர்ப் பக்கத்து வேர்தானே? இங்கே பெரிசாய் ஒன்றும் இல்லையாம், மூன்று கறிதானாம்!

இலை ஓரத்தில் ஒரு கரண்டி விழுந்தது. பழுப்பாக, துண்டு துண்டாக, நார் நாராக. தேங்காய்ப்பாலும் வறுத்த மசாலாவும் பட்டையும் மணந்தன. எங்கள் ஊரில் பட்டை விழுந்த சட்டியில் ஆடும் விழுந்திருக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

புரட்டாசி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தி வீட்டில் விரதம் கிடையாதா என்று குத்திக் காட்டியதாகும் அல்லவா? பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மைக்கு அப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எனக்கு வெறுஞ்சோறும் மோரும் போதும் மதினி" என்று கறி விழுந்த இலையை இரண்டு விரலால் தள்ளி வைத்தேன். பிறகு, அவர் மனம் நோகக் கூடாதே என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். "ஏன் மதினி, வெஞ்சனம் ஒண்ணும் இல்லையா?"

எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய், பொரியல், கூட்டு எல்லாம் வெஞ்சனம்தான். ஒரு கத்தரிக்காயை வதக்கி வைத்தாலும் போதும் என்றுதான் கேட்டேன். ராசம்மாளின் முகம் மாறிவிட்டது. கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்து இலையில் வெள்ளைச்சாமி தன் பங்கை முடித்துவிட்டு, நான் தள்ளி வைத்த இலையையும் இழுத்துக்கொண்டான். புரட்டாசியில்! சபையில் தம்பியை அடிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் புட்டு. புட்டைப் பற்றி மதுரைச் சீமைக்காரிக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. சொக்கநாதரே புட்டுக்கு ஆசைப்பட்டு மண் சுமந்த ஊர் எங்களுடையது. ஆவணி மூலத்துக்கு அதற்கென்றே திருவிழா எடுக்கிறோம். எங்கள் புட்டு வெல்லம் கலந்து உதிர் உதிராக இருக்கும். இவர்கள் புட்டு மூங்கில் குழலில் வெந்து, முழம் முழமாக வெளியே வந்து விழுந்தது. வெல்லமும் இல்லை, ஏலமும் இல்லை. சாமி இந்தப் புட்டுக்கு மண் சுமந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அந்தத் தேங்காய்ப்பூவின் மணம் இருக்கிறதே, ஒரு கூடை சுமந்திருப்பார்.

"முருங்கைக்காய்க் கறி விடட்டோ?" என்றார் ராசம்மா, என் முகத்தைப் பார்க்காமலே.

முருங்கைக்காயையும் ஆட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "வேண்டாம் மதினி. எனக்குக் கருப்பட்டி இருக்கு" என்று என் மூட்டையை அவிழ்த்தேன். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன வேகத்தில் சுவரில் தொங்கிய நாள்காட்டி ஆடியது.

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "வாங்கோ மாமி, ஊரைச் சுத்திக் காட்டுறன்" என்று எங்களைக் கூட்டிப் போனார். டிராம் வண்டியை அன்றுதான் பார்த்தேன். தெரு நடுவில் தண்டவாளம், தலைக்கு மேலே கம்பி, மணி அடித்துக்கொண்டே போகிறது. எதிர் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் என் காதையே பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என் காதில் தோள்வரை தொங்கும் தண்டட்டி. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை நெளிந்தார்.

"காது அறுந்து போகாதோ எண்டு கேக்கினம், மாமி."

"அறுந்தா தைச்சுக்கிருவோம்னு சொல்லுங்க."

அவர் சிங்களத்தில் சொன்னார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் மூத்தவள் மடியிலிருந்து ஒரு பழம் எடுத்துத் தந்தாள். வெளியே முழுக்கச் சிவப்பு மயிர். பழம் என்று மாப்பிள்ளை சத்தியம் செய்த பிறகுதான் தொட்டேன். ரம்புட்டான் என்றார்கள். உரித்தால் உள்ளே நுங்குதான், இனிப்பு அதிகம்.

இந்தச் சமயத்தில் வெள்ளைச்சாமியைக் காணோம். டிராம் நின்ற இடத்தில் ஓரமாக ஒரு பெண் ஆப்பம் சுட்டுக்கொண்டிருக்க, இவன் இறங்கிப் போயிருக்கிறான். வண்டி புறப்பட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால், ஒரு கையில் ஆப்பமும் மறு கையில் அவிழ்ந்த வேட்டியுமாக என் தம்பி ஓடி வருகிறான். ஓடிக்கொண்டே தின்றான். ஆப்பத்தைக் கீழே போடு என்று கத்தினேன். வேட்டியைத்தான் விட்டான். டிராமில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிங்களம், தமிழ், மலாய் என்று பாகுபாடே இல்லை.

சந்தையில் காய்கறிகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. பூசணி, புடல், கத்தரி, வாழைப்பூ, இன்னும் பெயர் தெரியாத கீரைகள், தலையளவு பெரிய ஈரப்பலாக்காய். இம்புட்டு காய் விளைகிற ஊரில், புரட்டாசிச் சனிக்கிழமைகூட இவர்களுக்கு ஒரு வெஞ்சனம் வைக்கத் தோன்றவில்லையே! திங்கட்கிழமை ஐந்து வகைச் சோற்றுக்கு வேண்டிய எலுமிச்சையும் எள்ளும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்லத்தாயி என்னை அறைக்குள் இழுத்தாள். கண் சிவந்திருந்தது.

"ஆத்தா, நீ என்னதான் சொன்ன? மாமி என்கூடவே கதைக்க மாட்டேங்குறாங்க."

"கதையா? என்ன கதை?"

"பேச மாட்டேங்குறாங்கன்னு சொல்றேன். 'என்ட கையால ஒரு பிடி சாப்பிடாத மனுசியின்ட சோத்தை நான் ஏன் வாயில வைக்க வேணும்? கட்டுச்சோறும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளை இஞ்சையே பெறட்டும்'னுட்டாங்க."

நான் விறைப்பாக நின்றேன். "இருக்கட்டும்டி. கறி தின்னுதான் ஒன்னைக் கூட்டிட்டுப் போகணும்னா அழகரு எனக்கு எதுக்கு?"

அவளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குப் பயமா இருக்கு ஆத்தா. டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா அந்த நேரத்துல நீ பக்கத்துல இருக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. அடுப்படிப் பக்கமே போகாமல் கொல்லையில் உட்கார்ந்து எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தேன். ராசம்மா என்னைக் கடந்து நாலு தடவை போனார், நாலு தடவையும் எள்ளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வெள்ளைச்சாமி ஏப்பம் விட்டபடி வந்து சுவரில் சாய்ந்தான். மூன்று நாளாக அடக்கி வைத்தது எனக்குப் பொங்கிவிட்டது.

"ஏண்டா, ஒனக்கு வெக்கமா இல்ல? புரட்டாசி மாசத்துல மூணு நாளாக் கறி திங்கிறியே. அழகரு மொகத்துல எப்புடிடா முழிப்ப?"

அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். "எங்கக்கா கறி? பூசணிக்காயையும் பருப்பையும் தின்னு தின்னு எனக்கு நாக்குச் செத்துக் கெடக்கு. சம்பந்தி வீடாச்சேன்னு பேசாம இருக்கேன்."

"மொத நாளு என் இலையிலயிருந்து இழுத்துத் தின்னியே, துண்டு துண்டா?"

"பலாப்பிஞ்சு."

"முருங்கைக்காய்க் கறின்னாகளே?"

"முருங்கைக்காய். தேங்காப்பால் ஊத்துன முருங்கைக்காய். இங்க காயி எல்லாத்துக்கும் கறின்னுதான்க்கா பேரு. பினாங்குலயும் அப்புடித்தான். சந்தையில நீ காய்கறின்னுதானே வாங்குற? அதுல எந்த ஆட்ட அறுத்தாக?"

புடைத்த எள் முறத்திலிருந்து சரிந்து கொட்டியது. நான் அதை அள்ளவில்லை.

"மூணு நாளா ஏண்டா சொல்லல?"

"நீ விரதம்னு நெனச்சேன். விரதக்காரி பங்கு வீணாப் போகக் கூடாதுன்னு..."

சம்பந்தி வீடு என்றும் பார்க்காமல் முறத்தாலேயே ஒரு போடு போட்டேன்.

அப்புறம் கொட்டிய எள்ளைக் குனிந்து அள்ள ஆரம்பித்தேன். எனக்கு ஐம்பத்தைந்து வயசு. ஊரில் நான் சொன்னால் பஞ்சாயத்தே நின்று கேட்கும். ஒருத்தியிடம் போய் நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. கலியாணமான புதுசில்கூடச் சொன்னதில்லை. ஆனால் மறுநாள் திங்கட்கிழமை. அன்று மாலை ரயில். அதை விட்டால் ஐப்பசி.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். ராசம்மா சட்டிகளைக் கழுவ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஒரு தட்டை முன்னால் வைத்தேன்.

"மதினி, கறி போடுங்க."

அவர் திரும்பாமலே சொன்னார். "முடிஞ்சுது."

"சட்டியில ஒட்டியிருக்கும்ல?"

இப்போது திரும்பினார். நான் பலாப்பிஞ்சுச் சட்டியை எட்டி இழுத்து, மீதிச் சோற்றை அதற்குள் போட்டு, வழித்துப் பிசைந்தேன். முதல் உருண்டையை வாயில் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது. அந்தத் தேங்காய்ப்பால், அந்தப் பட்டை மணம், பலாவின் நார் பல்லில் அகப்பட்டு நழுவுகிற சுகம்! இதையா மூன்று நாள் தள்ளி வைத்தேன்? இரண்டாவது உருண்டையில் எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். மூன்றாவதில் அதுவும் போய்விட்டது.

"எங்க ஊர்ல கறின்னா ஆடு, மதினி" என்றேன், சட்டியைப் பார்த்தபடி. "ஆடு, கோழி, அம்புட்டுத்தான். நீங்க வெள்ளிக்கெழமை மூணு கறின்னதும் எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. புரட்டாசி விரதம் எனக்கு."

ராசம்மா இடுப்பில் கை வைத்தார். "எனக்கும் விரதம்தான்! இந்த வீட்டில மாசம் முழுக்க மச்சம் மாமிசம் கிடையாது. மச்சாள், மூண்டு நாளாய் என்னை வெள்ளிக்கிழமை ஆடு திண்டவள் எண்டோ நினைச்சீங்கள்?"

"நினைச்சேன்."

"வாயால கேட்டிருக்கக் கூடாதோ?"

"ஒங்க மனசு நோகுமேன்னு கேக்கல."

"நோகாமல் இருக்கத்தானோ என்னை வஞ்சனைக்காரி எண்டீங்கள்?"

இதென்ன புதுசாக என்று நிமிர்ந்தேன். "நான் எங்க அப்புடிச் சொன்னேன்?"

"சொன்னீங்கள். இலையைத் தள்ளிப்போட்டு, எல்லாருக்கும் முன்னால, மெதுவாய்ச் சொன்னீங்கள். 'வஞ்சனை ஒண்ணும் இல்லையா' எண்டு."

எனக்குச் சோறு புரையேறிவிட்டது. அவரே தண்ணீர் மொண்டு தந்தார். குடித்துவிட்டு, "வெஞ்சனம், மதினி, வெஞ்சனம்! கத்திரிக்கா, பூசணிக்கா, பொரியலு. நீங்க கறிங்கிறதத்தான் நாங்க வெஞ்சனம்போம்" என்றேன்.

அவர் செம்பைத் திருப்பி வாங்கிக் கீழே வைத்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்தேன். சிரிப்பு. அவ்வளவு நறுக்கான மனுஷிக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று யார் கண்டது? கொண்டை அவிழ்ந்துவிட்டது. சத்தம் கேட்டுச் செல்லத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன ஆத்தா? என்ன மாமி?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கறியை முன்னால வச்சுக்கொண்டு உன்ட அம்மா வெஞ்சனம் இல்லையோ எண்டு கேட்டிருக்கிறா, எனக்கு அது வஞ்சனை எண்டு கேட்டிட்டுது" என்றார் ராசம்மா. செல்லத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத்தான் இரண்டு சொல்லும் தெரியும். இரண்டும் தெரிந்ததனால்தான் இரண்டு பக்கத்துக் குழப்பமும் அவள் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை காலை ராசம்மாளின் அடுப்பில் என் சோறு ஆனது. புளி, எலுமிச்சை, தேங்காய், எள், தயிர் என்று ஐந்து. அபின் என்று பேர் வாங்கிய அந்தப் பானை கடைசியில் தன் வேலையைச் செய்தது. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். செல்லத்தாயியை மனையில் உட்கார்த்தி வளையல் போட்டு, ஐந்து சோற்றையும் ராசம்மா முன்னால் வைத்தேன்.

சமாதானம் ஆகிவிட்டது சரி. ஆனால் சமாதானம் வேறு, சம்மதம் வேறு. கடிதத்தில் எழுதியதை அவர் திருப்பி வாங்கவில்லையே. சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மருமகளின் முழங்காலில் இருந்தது.

"கடல் எப்படி?" என்று கேட்டார்.

"இப்ப அமைதிதான். என் தம்பியத் தவிர யாரும் வாந்தி எடுக்கல."

"பிள்ளைக்குப் பக்கத்தில ஆர் இருப்பினம்?"

"நான். அவ எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் நகர மாட்டேன்."

"அங்க டாக்டர்?"

"மதுரையில இருக்காக. மாசம் நெறையுமுன்ன வண்டி கட்டிக் கூட்டிப் போயி அங்கயே தங்கிருவேன்."

அதற்கு மேல் கேள்வி இல்லை. அவர் புளிச்சோற்றில் ஒரு கவளம் எடுத்தார். வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். அந்த அதிகாரியைப் போலவே அவருக்கும் கண் கலங்கியது. காரத்தினாலா, மருமகளை அனுப்புவதனாலா, நான் கேட்கவில்லை.

"புளி கொஞ்சம் கூட" என்றார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லையோ, மச்சாள்?"

அவரே எழுந்து போய், அதிகாலையில் சமைத்து மூடி வைத்திருந்த பலாப்பிஞ்சுச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மதுரைப் புளிச்சோற்றுக்குக் கொழும்புப் பலாப்பிஞ்சு. வெள்ளைச்சாமி பினாங்கையும் ரங்கூனையும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு வாய் ஒழியவில்லை.

மாலையில் ரயிலடியில் ராசம்மா ஒரு தூக்குச்சட்டியை என் கையில் திணித்தார். "வழியில பசிக்கும். கத்தரிக்காய்க் கறி" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கத்தரிக்காய் மட்டும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். மருமகளைக் கன்னத்தில் தடவி, "பிள்ளையோட வா" என்றார். "வாரேன் மாமி" என்றாள் செல்லத்தாயி. வண்டி நகரும்வரை அவர் அழவில்லை. நகர்ந்த பிறகு பார்க்கக் கூடாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே கருப்பாயி நின்றாள். எங்கள் தெருக்காரி. ஊரில் யார் விரதத்தை யார் மீறினார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் போகாது. செல்லத்தாயியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"கொழும்புல என்ன மதினி சாப்பிட்டீக?"

"கறிதான்" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "புரட்டாசியிலயா?"

"புரட்டாசியிலதான். சட்டியில ஒட்டுனதக்கூட விடல."

செல்லத்தாயி சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கருப்பாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தச் சேதி நாங்கள் போவதற்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரியும். சேரட்டும் என்று விட்டுவிட்டேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்து எங்களுக்காக வந்து நின்ற மாட்டு வண்டியில் மெதுவாக ஏறினேன்.